நிற்க வேண்டிய வண்டி

பேரூர்க் கோபுரம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. வண்டி இன்னும் நிற்கவில்லை. நிற்க வேண்டும். ஏதாவது ஒரு புளியமரத்தடியில், அல்லது நடுரோட்டில் பஸ்காரன் திட்டத் திட்ட, இந்த எஞ்சின் ஒருமுறை அடங்கிப்போக வேண்டும். அதுவும் மகள் சுகந்தி ஓட்டும்போதே அடங்க வேண்டும். அப்படி நடந்தால்தான் நல்லசிவத்தின் மண்டைக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று ஆகும். அவர் இடதுபுறத்து இருக்கையில் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். இது மனைவி மரகதம் உட்காரும் இடம். போன வருஷம் அவள் இறந்த பிறகு, பேத்தியைத் தவிர யாரும் உட்காராத இடம். கூரையைப் பின்னால் மடித்துவிட்டிருந்ததால் ஐப்பசிக் காற்று நேராக முகத்தில் அடித்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கி ஓடுகிற, அவரைவிட நாலைந்து வயது மட்டுமே இளைய இங்கிலீஷ் வண்டி. வால்பாறை எஸ்டேட் ஒன்றில் தார்ப்பாய்க்குக் கீழே கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததை வாங்கிவந்து, ஆணி ஆணியாகப் பிரித்துப் பூட்டினார். அதன் ஒவ்வொரு ஆணியும் அவருக்குக் கைப்பழக்கம். அப்படிப்பட்ட வண்டி ஒரு மாசத்தில் மூன்று முறை நின்றுவிட்டது. மூன்று முறையும் அவர் கையில்தான். கொஞ்ச நேரம் போனால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பிக்கொள்கிறது. மெக்கானிக் அனிபா ஒரு வாரம் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, “வண்டில குத்தம் ஒண்ணுமே இல்லீங்க” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வார்த்தையை நல்லசிவத்தின் மகன் பாலமுரளி பெங்களூரிலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டான். “வண்டி நிக்கலை அக்கா. அப்பாதான் நிறுத்தறாரு. நிறுத்தறது அவருக்கே தெரியலை.” போனை அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தது அவனுக்குத் தெரியாது. சுகந்தி அவசரமாக அணைத்தாள். அணைத்தாலும் கேட்டது கேட்டதுதான்.

நரம்பு டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. அதற்கப்புறம் என்ன என்பதையும் அவர்கள் பேசி முடித்திருப்பார்கள். வண்டியை விற்பது, சாயிபாபா காலனி வீட்டைப் பூட்டுவது, பன்னிரண்டாவது மாடியில் மகனோடு இருப்பது. சுகந்திதான், அதற்கு முன்னால் ஒருவழி இருக்கிறது என்றாள். “நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல சும்மா உக்காந்துட்டு வாங்க. சிறுவாணி ரோட்டுல போவோம். நின்னுதுன்னா வண்டி. நிக்காட்டி…” பெட்ரோல் பங்கில் எவ்வளவு போடட்டும் என்று கேட்டாள். நிரப்பு, நான் எப்பவும் நிரப்பிட்டுத்தான் கிளம்புவேன், எனக்கு எப்படியோ அப்படியே உனக்கும் இருக்கணும் என்றார். சோதனை என்றால் சோதனையாக இருக்கட்டும்.

எஞ்சின் ஓடியது. இத்தனை அழகாக அது ஓடி அவர் கேட்டதேயில்லை என்று தோன்றியது. அல்லது இத்தனை பயத்தோடு எப்போதும் கேட்டதில்லையோ என்னவோ. நான்கு சிலிண்டரும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு நடப்பதைப்போல ஒரு சத்தம், அடியில் கனமாக, மேலே கொஞ்சம் கரகரப்பாக. உள்ளே ஒவ்வொரு நொடியும் எத்தனை வெடிகள். சின்னச் சின்னத் தீ, பிறந்ததும் செத்து, செத்ததும் அடுத்தது பிறந்து, ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமலே இரண்டு மனிதர்களைத் தூக்கிக்கொண்டு போகின்றன. நின்றுபோவது அதிசயமில்லை, இது ஓடுவதல்லவா அதிசயம் என்று நினைத்தார், நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது, சிலிர்த்ததும் கோபம் வந்தது, ஏனென்றால் அது ஓட ஓட அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. சூட்டில், பொறி கொடுக்கிற காயில் தளர்ந்திருக்கலாம். கார்புரேட்டர் மிதவையில் தூசு சிக்கி, குலுங்கினால் விலகிக்கொள்ளலாம். எங்கோ ஒரு ஒயரில் பார்வைக்கு நன்றாக இருக்கிற தோலுக்கு உள்ளே செம்பு அறுந்து, தொட்டும் தொடாமலும் இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாயிற்று. விட்டு விட்டு வருகிற கோளாறைப்போல உலகத்தில் கெட்டிக்காரன் கிடையாது. தேடும்போது வீட்டில் இருக்காது. தேடாதபோது நடுரோட்டில் உட்கார்ந்திருக்கும். தேடுகிறவனுக்கே ஒருநாள், அப்படி ஒன்று உண்டா, நாமாகக் கட்டிவிட்ட கதையா என்று சந்தேகம் வந்துவிடும்.

இப்போது அவர் தம்மையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணை மூடித் திறக்கும் இடைவெளியில் எதையாவது விட்டுவிடுகிறோமா. இதோ டீக்கடை, இதோ நர்சரி, வாசலில் செம்பருத்தித் தொட்டிகள், இதோ கல்யாண மண்டபம், வாழைமரம் கட்டியிருக்கிறது, மாப்பிள்ளை பெயர் படித்தாயிற்று. அதற்கு முன்னால் என்ன? ஒரு பாலம். பாலத்துக்கு முன்னால்? பாலத்துக்கு முன்னால் நர்சரியா, டீக்கடையா? எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா? ரோட்டை யார் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள்? டாக்டர் கடிகாரம் வரையச் சொல்வாராம், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வாராம், சொந்தக்காரர்கள் பெயரைக் கேட்பாராம். கேட்கட்டும். மரகதம். அவள் அண்ணன் ராமலிங்கம். அவள் தங்கை சரஸ்வதி. சரஸ்வதியின் புருஷன், திருப்பூரில் பனியன் கம்பெனி, தலையில் எண்ணெய் வழிய வழிய வருவாரே, என் சொந்தச் சகலை, அவர் பெயர்… ஒன்றுமில்லை. எண்ணெய் வழிகிற தலை தெரிகிறது, அவர் சாப்பிடும்போது முழங்கை வரை ரசம் ஓடுவது தெரிகிறது, சிரிப்பு கூடக் கேட்கிறது, பெயர் இருந்த இடத்தில் சுத்தமாகத் துடைத்த பலகை. முத்து என்று ஆரம்பிக்குமா. முத்து இல்லை. இரண்டு சுற்று அந்தப் பலகையைச் சுற்றி வந்தார். விட்டுவிட்டு, வழியில் யாரோ எருமையைக் குளிப்பாட்டுவதைப் பார்த்தார், எருமையின் முதுகில் வெயில் வழுக்கிக்கொண்டு போனது, “தங்கவேலு!” என்று கத்தினார்.

சுகந்தி பிரேக்கை மிதித்துவிட்டாள். “யாருங்கப்பா? எங்க?”

“என் சகலை.”

“சித்தப்பாவா? ரோட்டுலயா?”

“இல்ல அம்மணி. பேரு வந்துது.”

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். அப்புறம் சிரிப்பு பீறிட்டுவிட்டது. “அவரு பேரு அவங்க வீட்லயே யாருக்கும் ஞாபகம் இருக்காதுப்பா. சித்தி ‘ஏனுங்’கறாங்க, புள்ளைங்க ‘அவரு’ங்குதுங்க.” அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே யோசித்தார், எங்கேயிருந்து வந்தது அது? தேடியபோது இல்லாதது, எருமையைப் பார்த்ததும் எந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தது? இவ்வளவு வருஷம் ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு, அதில் தெரியாத அறைகள் இருக்கின்றன, அங்கே யாரோ விளக்கேற்றிக்கொண்டும் அணைத்துக்கொண்டும் இருக்கிறார்கள் என்று இப்போதுதான் காலடிச் சத்தம் கேட்பதுபோல இருந்தது.

வண்டி மறுபடி வேகம் பிடித்தது. போத்தனூர் ரயில்வே கேட்டை நினைக்கக்கூடாது என்று நினைத்தார், அப்படி நினைத்ததே கேட் திறந்துகொண்டதுபோல ஆயிற்று. மூன்றாவது முறை நின்றது அங்கேதான், தண்டவாளத்துக்குக் குறுக்கே. பக்கத்தில் பேத்தி நிலானி, பாலமுரளியின் பெண், லீவுக்கு வந்தவள், கையில் பாப்கார்ன் பொட்டலம். எஞ்சின் ஒரு குலுக்கல், ஒரு இருமல், அப்புறம் சத்தமில்லை. அந்தச் சத்தமின்மைக்குள் தண்டவாளம் இரண்டு பக்கமும் மினுமினுத்துக்கொண்டு எவ்வளவு நேராக, எவ்வளவு தூரம் போயிற்று. ரயில் வரவில்லை, கேட்டே மூடவில்லை, நாலு பேர் சேர்ந்து தள்ளி அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள், கேட்காரர் மட்டும், “பெருசு, இதெல்லாம் மியூசியத்துல வைக்கற ஐட்டமுங், ரோட்டுக்குக் கொண்டாந்திருக்கீங்க” என்றார், வண்டியைச் சொன்னாரா நல்லசிவத்தைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று ராத்திரி நிலானி அப்பாவிடம் போனில் சொன்னாளாம், தாத்தா சாவியைத் திருகினார், வண்டி நின்னுடுச்சு. நின்றது, அதனால் திருகினேன். அப்படித்தானே? முதலில் இருமல், பிறகு கை. குழந்தைக்கு முன்னும் பின்னும் மாறியிருக்கலாம். ஆனால் குழந்தை சும்மா பார்த்துக்கொண்டிருந்தது, அவர் தண்டவாளத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கணத்தை எத்தனை முறை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பார். பார்த்துப் பார்த்து அதன் ஓரம் தேய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் சில சமயம் கைதான் முதலில் வருகிறது.

மாதம்பட்டியும் தாண்டிவிட்டது. எதிரே மலை வரிசை, அதன் தலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது, இங்கே வெயில். பாக்குத்தோப்புகள் இரண்டு பக்கமும் நிழலும் வெளிச்சமுமாக ஓடின. சுகந்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தார். பாட்டு என்று நினைத்தார், பாட்டில்லை, அது முருகனைக் கூப்பிடுகிற அசைவு, பரீட்சைக்குப் போகும்போது சின்ன வயதில் இதேபோல உதடு அசையும். இவளும் வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். ஐம்பது வயதை எட்டப்போகிற ஒரு பொம்பளை, வேலை பார்க்கிற ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு, அப்பனின் புத்திக்காக ஒரு எஞ்சினைச் சாகச் சொல்லி சாமியிடம் மன்றாடுகிறாள். திரும்பிடலாம் அம்மணி, நானே நிறுத்தியிருப்பேன், விடு என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது எஞ்சின் ஒருமுறை தயங்கியது. நான்கு பேரில் ஒருவனுக்குக் கால் தடுக்கியதுபோல. சுகந்தியின் கால் ஆக்ஸிலரேட்டரில் இறங்கியது, ஒரு குலுக்கல், ஒரு இருமல், இன்னொரு குலுக்கல். அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன. சாவி தன்பாட்டில் தொங்கியது. யாரும் தொடவில்லை, யாரும் தொடவில்லை, எஞ்சின் அடங்கிவிட்டது. வண்டி வெறும் காற்றில் கொஞ்ச தூரம் மிதந்துபோய், ஒரு தோப்பு வேலியோரம் நின்றது. எவ்வளவு பெரிய அமைதி. பாக்கு மட்டை ஒன்று எங்கோ விழுந்தது. ஒரு கரிச்சான் கத்தியது. இருவரும் அசையவில்லை, அசைந்தால் அது மறுபடி கிளம்பிவிடுமோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சுகந்தி ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, “முருகா, நின்னுடுச்சு” என்றாள். மொபெட்டில் புல்லுக்கட்டோடு போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, “ஏனுங், பெட்ரோல் தீந்துபோச்சுங்ளா?” என்றார். “இல்லீங், நின்னுபோச்சுங்!” என்று சுகந்தி சந்தோஷமாகக் கத்தினாள். அவர் இவளை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நல்லசிவம் இறங்கினார். கை தன் வேலையைத் தெரிந்துவைத்திருந்தது. பானெட்டைத் தூக்கி காயிலைத் தொட்டார். சூடு, ஆனால் விரல் வைத்திருக்க முடிகிற சூடு. மகளிடம் சாவியைப் பாதி திருகிவைக்கச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். பின்னால் டிக்கிக்குப் பக்கத்தில் ஒரு மின்சார பம்ப் இருக்கிறது, டேங்கிலிருந்து பெட்ரோலை எடுத்து முன்னால் அனுப்புவது, சாவியைத் திருகினால் டக் டக்கென்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனைப்போல இருந்தது. அனிபா அதைக் கழற்றிப் பூட்டி, புத்தம் புதிதுபோல வேலை செய்கிறது என்று சொல்லியிருந்தார். சுகந்தி பின்பக்கம் போனாள். “டேங்க்கை ஒருக்கா பாத்துடறேனே.” “அதுல என்ன பாக்கறது, இப்பத்தானே நிரப்புனோம்” என்றார். மூன்று முறையும் அவர் அதைத் திறக்கவில்லை. “நெறஞ்ச டேங்க்கை எஞ்சின் தெரிஞ்சவன் எவனாவது தொறந்து பாப்பானா?” என்றார். “நான் தெரியாதவ, பாத்துக்கறேன், விடுங்க” என்று அவள் மூடியைத் திருகினாள்.

அந்தச் சத்தத்தை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். அல்லது மறந்துவிடலாம், அதையெல்லாம் யார் கண்டது, ஆனால் கேட்ட அந்தக் கணத்தில் அப்படித்தான் தோன்றியது. ஸ்ஸ்ஸென்று நீளமாக ஒரு இழுப்பு. தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி இழுக்கும் முதல் மூச்சு. வெளியே வருகிற காற்றல்ல, உள்ளே போகிற காற்று. அது முடிவதற்குள் பம்ப், தானாக, டக் டக் டக் டக்கென்று வெறி பிடித்ததுபோல அடிக்க ஆரம்பித்தது. சுகந்தி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டாள். அவர் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம் மோட்டார் பம்ப் செய்து விற்றவர். கிணற்று மேட்டில் நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார், பம்ப் தண்ணியை இழுக்கறதில்லீங்க, வெளிய இருக்கற காத்துதான் தண்ணியை அழுத்தி மேல ஏத்துது என்று. காத்துக்கு என்னங் கனம் என்று சிரிப்பார்கள். இதோ கனம். பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் டேங்குக்குள் ஒரு வெறுமை வளர்ந்திருக்கிறது. அந்த வெறுமையின் பிடியில் பம்ப் தோற்றிருக்கிறது. நின்ற பிறகு மூடியின் ஓரமாகக் காற்று மெல்லக் கசிந்ததும் மறுபடி கிளம்பியிருக்கிறது. மலையிலிருந்து தோப்பு வரை, தோப்பிலிருந்து வானம் வரை இருக்கிற அத்தனை காற்றும் ஒரு மூடிக்கு வெளியே வந்து நின்று, திற திற என்று தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, அவர் முன்பக்கம் போய்க் காயிலைத் தடவிக்கொண்டிருந்தார். அனிபாவுக்கு ஏன் நிற்கவில்லை? பட்டறையில் தீ பயத்துக்காக எந்த வண்டியிலும் ஒன்றிரண்டு லிட்டருக்குமேல் வைக்கமாட்டார். டேங்கில் பெரும்பகுதி காற்று, வெறுமை சேர வெகுநேரம் ஆகும். நிரப்பிக்கொண்டு கிளம்புகிறவனுக்குத்தான் நிற்கும்.

“மூடியைக் குடு” என்றார். பழைய மூடி தொலைந்து அவரே லேத்தில் கடைந்த பித்தளை மூடி. நடுவில், காற்று போவதற்கென்று, ஊசி நுழையும் துளை ஒன்றும் அவரே போட்டார். துளை தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், நெற்றியில் வைத்ததுபோல நடுவாக, கெட்டியாகக் காய்ந்த ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் மங்கிய குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. அது நடந்து ஒரு மாசம் ஆகிறது. பூஜைப் பொட்டைத் துடைக்கக்கூடாது, தானாக உதிரவேண்டும் என்று வீட்டில் வழக்கம். அனிபா வண்டி முழுக்கப் பளபளவென்று துடைத்திருக்கிறார், இதை மட்டும் சுற்றித் துடைத்திருக்கிறார், விரல் வளைந்து போன தடம் கூடத் தெரிந்தது. “அப்பா…” என்றாள் சுகந்தி, புரிந்துவிட்டது, கண் நிறைந்துவிட்டது, உடனே போனை எடுத்துவிட்டாள். “டேய் முரளி. வண்டிதான்டா. என் கையில நின்னுதுடா. சந்தனம்டா, சந்தனம். நீயும் உன் டாக்டரும்! ஆமா, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமே இல்ல…”

ஒன்றுமே இல்லை. அவர் மூடியை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். சந்தனத்தில் விரல் ரேகை அப்படியே காய்ந்திருந்தது, வலது மோதிர விரல், நடுவில் பழைய லேத் தழும்பு குறுக்கே ஓடியது. அவர் விரல்தான். எப்போதும் மரகதம்தான் பொட்டு வைப்பாள், இந்த வருஷம் அவர் தனியாகச் செய்தார். நினைவிருக்கிறது. சக்கரங்களுக்கு வைத்தார். முன்விளக்குகளுக்கு வைத்தார், வைக்கும்போது இடது விளக்கில் ஒரு பூச்சி செத்துக்கிடந்தது. ஸ்டியரிங்கின் நடுவில் வைத்தார். எலுமிச்சம்பழம் ஒன்று நசுங்காமல் உருண்டு ஓடிற்று, குனிந்து எடுத்தார். எல்லாம் இருக்கிறது, சாம்பிராணி வாசனை இருக்கிறது. பின்பக்கம் போனது இல்லை. மூடியின்மேல் விரலை வைத்தது இல்லை. தானே போட்ட துளை, தானே அடைத்த துளை. தேடினார். தங்கவேலுவைத் தேடியதுபோல இல்லை இது, அங்கே ஒரு பலகையாவது இருந்தது. இங்கே ஏதோ இருந்து போன தடமே இல்லை. முழுதாக, தையல் தெரியாமல், அந்தக் காலைநேரம் எலுமிச்சையிலிருந்து நேராகக் கற்பூரத்துக்குப் போயிற்று. நடுவில் ஒருவன் கையில் சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றி வந்து, மிகவும் கவனமாக, சரியாக நடுவில், அழகாக ஒரு பொட்டு வைத்திருக்கிறான். அவனை அவருக்குத் தெரியாது. பயப்பட வேண்டும் என்று காத்திருந்தார். பயம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால், கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கும்போது ஆழத்திலிருந்து ஒரு குளிர்ச்சி முகத்தில் ஏறுமே, அதுதான் வந்தது.

“நான்தான் வெச்சிருக்கேன்” என்றார். “வெச்சது ஞாபகமில்ல அம்மணி.”

“இதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கும்? காலையில என்ன சட்னி அரைச்சேன்னு கேளுங்க, எனக்கே தெரியாது.”

“இருக்கலாம்.”

“இருக்கலாமாவது. அதேதான்.” அவள் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, துளையிலிருந்து சந்தனத்தைக் குத்தி எடுத்தார். வெளிச்சம் ஒரு புள்ளியாக அந்தப்புறம் வந்தது. மூடியைப் போட்டுத் திருகினார்.

“செவ்வாய்க்கிழமை போலாம்” என்றார்.

“எங்க?”

“டாக்டர்கிட்ட.”

அவள் முகம் மாறியது. குனிந்து வண்டியிலிருந்து சாவியை உருவினாள். அவர் பக்கம் நீட்டினாள். “இப்ப நீங்க ஓட்டுங்க.”

அவர் சாவியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வதற்கும் வாங்கிக்கொள்வதற்கும் ஒரே அளவு நியாயம் இருந்தது. வாங்கிக்கொண்டார். “ஒண்ணு செய். என் கையையே பாத்துட்டு வா. ஏதாவது தப்பாப் பண்ணினா சத்தம் போடு. வெக்கப்படாத.”

“சரிங்கப்பா.”

முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. வண்டியைத் திருப்பி ஊர்ப்பக்கம் விட்டார். தோப்புகள் மறுபடி வந்தன, நிழலும் வெளிச்சமுமாக. கொஞ்ச தூரம் அவள் சொன்னபடியே பார்த்துக்கொண்டு வந்தாள், அந்தப் பார்வை முன்கையில் ஒரு சூடுபோல உட்கார்ந்திருந்தது. அவர் விரல்களை எண்ணாத குறையாக ஓட்டினார். மாதம்பட்டிக்கு அருகில் ஏதோ கேட்பதற்காகத் திரும்பினார். சுகந்தி தூங்கிவிட்டிருந்தாள், கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, எல்லாம் முடிந்தது என்று நம்பிவிட்டவர்கள் தூங்கும் தூக்கம். எழுப்பலாமா என்று யோசித்தார். எதிரே வளைவு, அதில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து கியரை மாற்ற வேண்டும் என்று அவர் நினைப்பதற்குள் கால் இறங்கியிருந்தது, கை கியரை ஒரு தட்டுத் தட்டி உள்ளே போட்டிருந்தது, எஞ்சின் சுருதி மாறி, வண்டி வளைவுக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. சரியாக, மிகச் சரியாக. பஸ் கடந்துபோனது. அவர் தன் கையைப் பார்த்தார். அது கியர்மேல் அமைதியாக, அடுத்த வளைவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.